குளியலறைத் தரை விட்டங்கள் மட்டமாக இல்லை: மேலே பட்டை அடிப்பதா, பக்கத்தில் புதுமரம் சேர்ப்பதா?

வார்டன் வாசி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். கனடாவின் ஸ்காபரோவில் 1954-ஆம் ஆண்டு கட்டப்பட்ட எங்கள் வீட்டின் மேல்தளக் குளியலறையைக் கடந்த இரண்டு வாரங்களாக நானே பிரித்துக்கொண்டிருக்கிறேன். அறை ஐந்தடிக்கு எட்டடி. அதற்கு நேர் கீழே சமையலறை. பழைய டைல்களுக்கு அடியில் ஏறக்குறைய மூன்று அங்குலக் கனத்தில் சிமெண்டுக் கலவை போட்டிருந்தார்கள். வேலை தொடங்கும் முன்பே டைல், பசை, சுவர்ப்பூச்சு ஆகியவற்றின் மாதிரிகளைச் சோதனைக்கூடத்துக்கு அனுப்பி, ஆஸ்பெஸ்டாஸ் இல்லை என்று எழுத்தில் வந்த பிறகே சுத்தியலை எடுத்தேன். கலவையை உடைத்து வாளி வாளியாக இறக்கி முடித்தபோது தரையைத் தாங்கும் மரங்கள், அதாவது ஜாய்ஸ்டுகள், முழுதாக வெளியே தெரிந்தன. அவற்றைப் பார்த்ததிலிருந்து எனக்குத் தூக்கமில்லை.

மரங்கள் எட்டடிப் பக்கமாக ஓடுகின்றன. பதினாறு அங்குல இடைவெளியில் மொத்தம் ஐந்து. ஒவ்வொன்றும் ஏழரை அங்குல ஆழம், ஒன்றே ஐந்தெட்டு அங்குலக் கனம். வெளிச்சுவரிலிருந்து வீட்டின் நடுச்சுவர் வரை பதினோரு அடி நீளம். குளியலறையின் தடுப்புச் சுவரைத் தாண்டி இன்னும் மூன்றடி பக்கத்து அறையின் அலமாரிக்கு அடியில் போகிறது. மரங்களின் மேல்விளிம்பைத் தட்டையாக விடாமல், இரு பக்கமும் சீவிக் கோடரி முனை போல ஆக்கியிருக்கிறார்கள். ஏன் என்று புரியவில்லை.

என் தாத்தா திருநெல்வேலிப் பக்கத்தில் தச்சராக இருந்தவர் என்பதால் அவர் வழியிலேயே இரு முனைகளுக்கும் நூல் கட்டி அளந்து பார்த்தேன். கணக்கையும் நூலிலேயே தருகிறேன். எட்டு நூல் ஓர் அங்குலம். குழாய்கள் ஏறும் சுவரை ஒட்டிய முதல் மரத்தை அடிப்படையாக வைத்தால் இரண்டாவது 6 நூல் தாழ்ந்திருக்கிறது, மூன்றாவது 3 நூல், நான்காவது 2 நூல். கடைசி மரம் மட்டும் 1 நூல் உயர்ந்து நிற்கிறது. கழிப்பறைப் பீங்கானின் வளைகுழாய்க்கு வழிவிடுவதற்காக, அந்த இரண்டாவது மரத்தில் மேலிருந்து மூன்று அங்குலம் ஆழத்துக்கு யாரோ அந்தக் காலத்திலேயே அறுத்து எடுத்திருக்கிறார்கள்.

என் எண்ணம் இதுதான்: தாழ்ந்த மரங்களின் மேல் வேண்டிய கனத்துக்குச் சீவிய மரப்பட்டைகளைப் பசையும் திருகாணியும் வைத்துப் பொருத்தி, எல்லாவற்றையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவந்து, மேலே முக்கால் அங்குல ஒட்டுப்பலகை அடித்து, பன்னிரண்டுக்கு இருபத்துநான்கு அங்குல டைல் ஒட்டுவது. இது போதுமா? சமையலறைக் கூரையைப் போன வருடம்தான் புதுப்பித்தோம். அதை உடைக்கச் சொல்லிவிடாதீர்கள் என்று முன்கூட்டியே வேண்டிக்கொள்கிறேன்.

அஜாக்ஸ் அன்பர் எழுதியது:

இவ்வளவு யோசிக்க வேண்டியதில்லை என்பது என் கருத்து. முதலில் பலகையை அடித்துவிடுங்கள். அதன்மேல் முன்பூச்சு பூசி, கம்பிவலை பரப்பி, தானாக மட்டம் பிடிக்கும் சிமெண்டுக் குழம்பை ஊற்றினால் மறுநாள் காலையில் தரை குளத்து நீர் போல மட்டமாகிவிடும். எங்கள் வீட்டு நிலவறையில் அப்படித்தான் செய்தேன். ஐந்து ஆண்டுகளாக ஒரு குறையும் இல்லை.

பழைய தச்சன் எழுதியது:

வணக்கம் தம்பி. இந்த ஊரில் வீட்டுச் சட்டக வேலையில் முப்பது வருடம் கழித்தவன் என்ற உரிமையில் எழுதுகிறேன். அஜாக்ஸ் அன்பர் தம் நிலவறையில் செய்தது சரியான வேலை, ஏனென்றால் அங்கே அடியில் இருப்பது கான்கிரீட், அது அசையாது. உங்களுடையது அந்தரத்தில் நிற்கும் மரத்தரை. ஊற்றும் குழம்பு மேற்பரப்பை மட்டமாக்கும். அடியில் இருக்கும் மரத்துக்கு ஒரு துளி வலுவையும் கொடுக்காது. அந்த மூட்டையின் பின்பக்கத்திலேயே, மரத்தரையாக இருந்தால் இவ்வளவுக்கு மேல் தொய்யக்கூடாது என்று அச்சிட்டிருப்பார்கள். அதை யாரும் படிப்பதில்லை.

நீங்கள் மூன்று வெவ்வேறு காரியங்களை ஒரே சொல்லில் போட்டுக் குழப்பிக்கொள்கிறீர்கள் என்று நினைக்கிறேன். தரை மட்டமாக இருப்பது ஒன்று, சமதளமாக இருப்பது இன்னொன்று, விறைப்பாக இருப்பது மற்றொன்று. டைலுக்கு மட்டம் தேவையே இல்லை. முழுத்தரையும் ஒரே சீராக ஒரு பக்கம் சாய்ந்திருந்தாலும் டைல் உடையாது. அதற்கு வேண்டியது மேடுபள்ளம் இல்லாத சமதளமும், மிதித்தால் அசையாத விறைப்பும். பதினைந்து அங்குலத்துக்குக் குறையாத பக்கமுள்ள டைலாக இருந்தால் பத்தடி நீளத்தில் ஒரு நூலுக்கு மேல் ஏற்ற இறக்கம் இருக்கக்கூடாது என்பது இங்குள்ள டைல் வேலைக்காரர்களின் விதி. உங்களுடைய இருபத்துநான்கு அங்குல டைல் அந்த வகையில்தான் வருகிறது. மட்டம் முக்கியமாகத் தேவைப்படுவது குளியல் தொட்டிக்கு. தண்ணீர் வடிய வேண்டிய வாட்டம் தொட்டியின் அடிப்பகுதியிலேயே வார்க்கப்பட்டிருப்பதால், தொட்டி சாய்ந்தால் ஒரு மூலையில் தண்ணீர் தங்கிவிடும்.

இப்போது உங்கள் மரங்களுக்கு வருவோம். யாழ்ப்பாணத்தில் வீட்டுக் குறுக்கு உத்தரத்தைத் தீராந்தி என்போம். போர்த்துக்கீசர் விட்டுச்சென்ற சொல் அது. எங்கள் அப்பா ஒரு தீராந்தி தொய்ந்திருப்பதைப் பார்த்தால் முதலில் கேட்கும் கேள்வி, "இது ஏன் இறங்கியது?" என்பதுதான், எவ்வளவு இறங்கியது என்பதைப் பிறகுதான் அளப்பார். உங்கள் மரங்கள் இறங்கியதற்குக் காரணம் நீங்கள் எழுதியதிலேயே இருக்கிறது. மூன்று அங்குலக் கனத்தில் கலவை என்றால் ஒரு சதுர அடிக்கு ஏறக்குறைய 36 பவுண்டு. நாற்பது சதுர அடிக்குக் கணக்குப் போட்டால் அறுநூறு கிலோவுக்கு மேல். தொட்டிக்கு அடியில் கலவை இல்லாதிருந்தால் கொஞ்சம் குறையும். ஆனால் அந்த இடத்தில் வார்ப்பிரும்புத் தொட்டி உட்கார்ந்திருந்திருக்கும். இத்தனை பாரத்தை எழுபது வருடம் சுமந்த மரம் மெல்ல மெல்ல வளைந்து, அந்த வளைவையே தன் இயல்பாக்கிக்கொண்டுவிடும். பாரத்தை இறக்கியவுடன் ஒரு நூலோ இரண்டு நூலோ மீளலாம். ஆகவே கலவையை எடுத்து ஒன்றிரண்டு வாரம் கழித்து மறுபடி ஒருமுறை நூல் பிடித்துப் பாருங்கள்.

கோடரி முனையின் இரகசியமும் அதுதான். அந்தக் காலத்துக் குளியலறையில் மரங்களுக்கு நடுவே, மேல்விளிம்பிலிருந்து மூன்று அங்குலம் கீழே, பக்கவாட்டில் சட்டம் அடித்துப் பலகை பரப்பி, அதன்மேல் கலவையை நிரப்புவார்கள். மரத்தின் விளிம்பு தட்டையாக இருந்தால் அதற்கு நேர் மேலே கலவை மெலிந்து, மரத்தின் நீளத்துக்கு நெட்டுவாக்கில் வெடிப்பு விடும். அதைத் தவிர்க்கவே விளிம்பைச் சீவிக் கூராக்கினார்கள். அவர்களுடைய முறைக்கு அது புத்திசாலித்தனம். இன்று பலகை அடிக்க நினைக்கும் உங்களுக்கு அது தலைவலி, ஏனென்றால் திருகாணி பிடிப்பதற்குத் தட்டையான இடமே இல்லை. அந்தக் கூர்முனையின் மேல் மரப்பட்டையை உட்காரவைப்பது கத்திமுனையில் தட்டை நிறுத்துவது போன்றது. நாலு மாதத்தில் கிரீச் கிரீச் என்று சத்தம் வரும்; எட்டாவது மாதத்தில் டைலின் இடைச்சாந்து பொரிந்து உதிரும்.

ஆகவே பட்டை அடிக்கும் எண்ணத்தை விட்டுவிடுங்கள். ஒவ்வொரு பழைய மரத்துக்கும் பக்கத்தில் புதிய மரம் ஒன்றைச் சேர்த்துக் கட்டுவதுதான் வழி. புதுமரத்தின் மேல்விளிம்பை, பழையதைப் பாராமல், நீங்கள் கட்டிய நூலுக்குச் சமமாக வையுங்கள். விறைப்பு, சமதளம், பலகை அடிக்கத் தட்டையான இடம் ஆகிய மூன்றும் ஒரே வேலையில் கிடைத்துவிடும். உயர்ந்து நிற்கும் கடைசி மரத்தைச் சீவ வேண்டாம். அதையே அடிப்படையாக எடுத்து மற்றவற்றை அதற்கு ஏற்றுங்கள். பழைய மரத்தில் எங்கே ஆணி புதைந்திருக்கிறது என்பது இழைப்புளியின் அலகு உடைந்த பிறகுதான் தெரியும்.

பசையாகப் பாலியூரித்தேன் வகைக் கட்டுமானப் பசையை வளைந்து வளைந்து இழுத்து, மூன்று அங்குல ஆணிகளை மேல்வரிசை, கீழ்வரிசை என்று மாற்றி மாற்றி ஓர் அடிக்குள் ஒன்றாக அடியுங்கள், அல்லது சட்டக வேலைக்கென்று விற்கும் தடித்த திருகாணிகளைப் பயன்படுத்துங்கள். ஜிப்சம் பலகைக்கான கறுப்புத் திருகாணி வேண்டவே வேண்டாம். அது முறுகலானது, பாரம் ஏறினால் வளையாமல் நேராகத் தலை தெறித்துவிடும். புதுமரத்தைக் கண்ணுக்கு நேராகப் பிடித்துப் பார்த்து, வில் போல மேடாக வளைந்திருக்கும் பக்கத்தை மேலே வையுங்கள்.

இரண்டாவது மரத்தைப் பற்றி நான் எழுதாமல் விடுகிறேன். அது பொறியாளர் பேச வேண்டிய இடம்.

மிசிசாகா பொறியாளர் எழுதியது:

தச்சர் ஐயா விட்ட இடத்திலிருந்து தொடர்கிறேன். மரத்தின் ஆழம் குறைந்தால் அதன் விறைப்பு ஆழத்தின் முப்படியாகவும், வளைவைத் தாங்கும் வலிமை இருபடியாகவும் குறையும். ஏழரையில் மூன்று போனால் மிச்சம் நாலரை, அதாவது பத்தில் ஆறு பங்கு. அறுத்த இடத்தில் வலிமை நூற்றுக்கு 36 ஆகவும், விறைப்பு 22 ஆகவும் சுருங்கிவிட்டன. மூலையுள்ள வெட்டாக இருப்பதால் அங்கிருந்து மரம் நார்வாக்கில் பிளக்கவும் செய்யும். ஒரு விளக்கைப் பக்கவாட்டில் பிடித்துப் பார்த்தால் வெட்டின் அடிமூலையிலிருந்து மயிரிழைக் கீறல் ஓடுகிறதா என்று தெரியும். நடைமுறையில் அந்த மரம் வேலை செய்வதை எப்போதோ நிறுத்திவிட்டது. அதன் பங்கையும் சேர்த்துச் சுமந்ததால்தான் மூன்றாவது மரம் 3 நூல் இறங்கியிருக்கிறது.

நம் ஒன்ராறியோ மாகாணக் கட்டடச் சட்டத்தின் ஒன்பதாம் பகுதி சொல்வது இது: தரை மரத்தில் போடும் துளை மரத்தின் ஆழத்தில் நான்கில் ஒரு பங்குக்கு மேல் இருக்கக்கூடாது, விளிம்பிலிருந்து 50 மில்லிமீட்டராவது தள்ளியிருக்க வேண்டும். மேல்விளிம்பில் வெட்டுவதானால், மரம் சுவரில் உட்காரும் இடத்திலிருந்து மரத்தின் பாதி ஆழத் தொலைவுக்குள் மட்டும், மூன்றில் ஒரு பங்கு ஆழம் வரை வெட்டலாம். உங்கள் வெட்டு இரண்டு வகையிலும் மீறல். இதில் நம்மவர்கள் அடிக்கடி இடறும் இடம் ஒன்று உண்டு. இணையத்தில் நாம் பார்க்கும் காணொளிகளில் பெரும்பாலானவை அமெரிக்காவில் எடுத்தவை. அங்கே பரவலாக உள்ள குடியிருப்புச் சட்டத்தில் துளைக்கு மூன்றில் ஒரு பங்கு வரை அனுமதி. இங்கே நான்கில் ஒன்று. இன்று கடையில் 'இரண்டுக்கு எட்டு' அங்குலம் என்ற பெயரில் கிடைக்கும் மரத்தின் உண்மையான ஆழம் 184 மில்லிமீட்டர். அதில் நான்கில் ஒன்று 46. ஒன்றரை அங்குல வடிகுழாயின் வெளிவிட்டமே 48 மில்லிமீட்டர். அதாவது தொட்டியின் சிறிய வடிகுழாயைக்கூட உங்கள் மரத்தின் குறுக்கே துளைத்துக் கொண்டுபோக முடியாது. மூன்று அங்குலக் கழிவுக்குழாயைப் பற்றிப் பேச்சே இல்லை. குழாய்கள் மரங்களுக்கு இணையாக, இடைவெளியில்தான் ஓட வேண்டும். நல்லவேளையாக உங்கள் குழாய்ச்சுவர் மரங்களுக்கு இணையாகவே இருக்கிறது.

இரண்டாவது மரத்துக்குத் தீர்வு, வெட்டை ஒட்டுப்போட்டு மறைப்பது அல்ல. வளைகுழாய் நிற்கும் இடத்தில் மரத்தை முழுவதுமாக அறுத்துவிட்டு, அறுத்த இரு முனைகளையும் குறுக்கு மரங்களில் தொங்கவிட வேண்டும்; அந்தக் குறுக்கு மரங்களின் பாரத்தை முதலாவது, மூன்றாவது மரங்களை இரட்டையாக்கி அவற்றுக்கு மாற்ற வேண்டும். மாடிப்படிக்குத் தரையில் வழி விடுவதுபோல, குழாய்க்கு ஒரு சிறு பெட்டி விடுகிறீர்கள். தொங்கவிடும் தகட்டுத் தாங்கிகளில் எல்லாத் துளைகளுக்கும் அவற்றுக்கென உள்ள குட்டையான தடித்த ஆணிகளை அடியுங்கள். கையில் கிடைத்த திருகாணியைப் போட்டால் அந்தத் தாங்கி பரிசோதிக்கப்பட்ட தாங்கி அல்ல.

விறைப்புக் கணக்கு எளிது. சாதாரண டைலுக்கு, ஆள்பாரம் ஏறும்போது தரை தன் நீளத்தில் 360-இல் ஒரு பங்குக்கு மேல் தொய்யக்கூடாது; சலவைக்கல் போன்ற இயற்கைக் கல்லுக்கு 720-இல் ஒரு பங்கு. பதினோரு அடிக்கு முதலாவது ஏறக்குறைய 3 நூல், இரண்டாவது அதில் பாதி. மரங்களை இரட்டித்தால் நீங்கள் கேட்ட டைலுக்கு விறைப்பில் குறை வராது என்றே எதிர்பார்க்கிறேன். வீட்டில் யாராவது பளிங்குக்கல் வேண்டும் என்று கேட்டால் மட்டும் பலகை ஒட்டும் முன் மறுபடி கணக்குப் பாருங்கள்.

கடைசியாக, விரும்பத்தகாத ஒரு செய்தி. டைலையும் தொட்டியையும் மாற்றுவது உங்கள் விருப்பம். தாங்கும் மரத்தை அறுப்பது கட்டமைப்பு மாற்றம். நகராட்சியின் அனுமதியும் வரைபடமும் வேண்டும். பரிசோதகர் வந்து பார்க்கும்வரை பலகை அடித்து மூடாதீர்கள்.

ஈஸ்ட்ஹாம் குடித்தனக்காரர் எழுதியது:

நான் இலண்டனில் நூறாண்டு கடந்த வரிசைவீடு ஒன்றில் இருக்கிறேன். இதே பிரச்சினையைத் தவறான வழியில் தீர்த்த அனுபவம் எனக்கு உண்டு என்பதால் எழுதத் துணிகிறேன். எங்கள் குளியலறைத் தரை வெளிச்சுவர்ப் பக்கமாக அங்குலத்துக்கு மேல் சாய்ந்திருந்தது. வேலைக்கு வந்தவர் ஒரு குண்டை உருட்டிக் காட்டிச் சிரித்துவிட்டு, சீவிய மரப்பட்டைகளை மேலே அடித்து, பலகை போட்டு, டைல் ஒட்டி, இரண்டே நாளில் முடித்துக் கொடுத்தார். மட்டம் அற்புதமாக இருந்தது. அடுத்த குளிர்காலத்தில் சுவரோரம் முதல் வரிசை டைல்கள் பிளந்தன.

பிரித்துப் பார்த்தபோதுதான் காரணம் தெரிந்தது. இங்கே பழைய வீடுகளில் தரை மரத்தின் முனையைச் செங்கல் சுவருக்குள்ளேயே செருகியிருப்பார்கள். வெளிச்சுவரின் சாந்து தேய்ந்து மழைநீர் இறங்கியதில், சுவருக்குள் இருந்த நாலு அங்குல மரமுனை ஊறி உளுத்து, திருப்புளியால் குத்தினால் கைப்பிடி வரை போகும் நிலையில் இருந்தது. தரை சாய்ந்தது தொய்வினால் அல்ல, முனை நசுங்கியதால். முதலில் வெளியே சுவரைச் சரிசெய்தார்கள். பிறகு கீழ்த்தளத்தில் முட்டுக்கொடுத்து, உளுத்த முனைகளை நல்ல மரம் தென்படும்வரை அறுத்து, பக்கத்தில் புதுமரத்தை மரையாணி போட்டு இறுக்கி, சுவருக்குள் போகும் முனையை ஈரம் ஏறாத தாளால் சுற்றிப் பொருத்தினார்கள். ஒரு பக்கச் சுவர் அண்டை வீட்டாருடன் பொதுவானது. அதைக் குடைந்து மரம் ஏற்ற வேண்டியிருந்திருந்தால், 1996-ஆம் ஆண்டின் பொதுச்சுவர்ச் சட்டப்படி அவர்களுக்கு எழுத்தில் அறிவிப்புக் கொடுக்க வேண்டியிருந்திருக்கும்.

உங்கள் ஊரில் மரங்கள் எப்படி உட்கார்ந்திருக்கின்றன என்று எனக்குத் தெரியாது. ஆனால் முனைகளைக் குத்திப் பார்க்காமல் புதுமரம் வாங்கப் போகாதீர்கள்.

வார்டன் வாசி எழுதியது:

பெரியவர்கள் அனைவருக்கும் நன்றி. மூன்று வாரம் கழித்து நிலவரம் சொல்கிறேன்.

முனைகளைத் திருப்புளியால் குத்திப் பார்த்தேன். பத்தில் ஒன்பது கல்லாக இருந்தன. தொட்டியின் வடிகுழாய்க்குக் கீழே உள்ள ஒரு முனையில் மட்டும் மேலாக ஒரு நூல் ஆழத்துக்குக் கறுத்திருந்தது. சுரண்டியதும் கீழே நல்ல மரம். மறுபடி நூல் பிடித்ததில் மூன்றாவது மரம் ஒரு நூல் மீண்டிருக்கிறது. மற்றவற்றில் மாற்றம் இல்லை. பொறியாளர் சொன்னபடியே வெட்டின் மூலையிலிருந்து ஏழு அங்குலத்துக்குக் கீறல் ஓடியிருந்தது. வரைபடம் போட்டு அனுமதிக்கு விண்ணப்பித்து, அதுவும் கையில் வந்துவிட்டது.

இப்போது என் கவலை வேறு. புதுமரம் பதினோரு அடி. நான் திறந்து வைத்திருப்பது எட்டடி. மிச்சம் மூன்றடி, தடுப்புச் சுவரைத் தாண்டி அலமாரித் தரைக்கு அடியில் போக வேண்டும். மேலே தரைப்பலகை, கீழே சமையலறைக் கூரை, நடுவில் ஏழரை அங்குலம். அதற்குள் மரத்தை எப்படி நிமிர்த்துவது? எட்டடியிலேயே நிறுத்திவிடலாமா?

பழைய தச்சன் எழுதியது:

எட்டடியில் நிறுத்தினால் அது பழைய மரத்துக்குக் கட்டிய சிம்பு. கொஞ்சம் விறைப்புத் தரும், ஆனால் தானாகப் பாரம் சுமக்காது. குறுக்கு மரங்கள் தொங்கப்போகும் முதலாவதும் மூன்றாவதும் இரு முனையிலும் சுவரில் உட்கார்ந்தே ஆக வேண்டும். நான்காவதையும் ஐந்தாவதையும் வேண்டுமானால் எட்டடியில் முடிக்கப் பொறியாளரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

நிமிர்த்த முடியாது என்று நீங்கள் நினைப்பது இயல்புதான். ஆனால் காலம் உங்களுக்கு ஓர் உதவி செய்திருக்கிறது. உங்கள் பழைய மரம் ஏழரை அங்குலம். இன்று கடையில் வாங்கும் இரண்டுக்கு எட்டு ஏழே கால் அங்குலம்தான், கனம் ஒன்றரை. ஒரு மரத்தைப் படுக்கவைத்து உருட்டி நிமிர்த்தும்போது அதிக இடம் கேட்பது அதன் மூலைக்கு மூலை அளவு. ஏழே காலுக்கும் ஒன்றரைக்கும் அந்த மூலைவிட்டம் 7.4 அங்குலம் வரும். உங்களிடம் இருப்பது 7.5. ஒரு நூல்கூட மிச்சமில்லை, ஆனாலும் போகும். விளிம்பில் கையிழைப்புளியை இரண்டு தரம் ஓட்டி மூலையை மழுக்கிவிட்டால் இன்னும் எளிதாகப் போகும்.

அதற்கு முன் செய்ய வேண்டியவை சில. மரங்களுக்கு நடுவே பெருக்கல் குறி போல அடித்திருக்கும் குறுக்குச் சட்டங்களைக் கழற்றுங்கள். அலமாரித் தரையிலிருந்து கீழே நீட்டிக்கொண்டிருக்கும் ஆணி முனைகளைக் கையை விட்டுத் தடவிப் பார்த்து, அறுவை அலகால் ஒவ்வொன்றாக அறுத்துவிடுங்கள். ஒற்றை ஆணி போதும், முக்கால்வாசி உள்ளே போன மரம் அங்கேயே சிக்கிக்கொள்ளும். கூரையின் மேல்முதுகில் மரச்சிம்புகளின் இடுக்கில் பிதுங்கி நிற்கும் காரையைத் தட்ட வேண்டாம். அதுதான் பழைய கூரையைப் பிடித்துக்கொண்டிருக்கிறது.

மரத்தைத் தட்டையாகப் படுக்கவைத்து, நடுச்சுவர்ப் பக்கமாகக் கூடியவரை உள்ளே தள்ளி, பிறகு வெளிச்சுவர்ப் பக்கம் பின்னுக்கு இழுத்து இரு முனையும் சுவரில் ஏறியபின் உருட்டி நிமிர்த்துங்கள். இருவர் வேண்டும், ஒருவர் தள்ள, ஒருவர் திருப்ப. பசையை இதற்குப் பிறகுதான் இட வேண்டும். முன்பே பூசிக்கொண்டு உருட்டினால் பாதிப் பசை கூரையில் இருக்கும். மரம் நிமிர்ந்ததும் பழையதிலிருந்து அரை அங்குலம் விலக்கி நிறுத்தி, அந்த இடுக்கில் பசைக்குழாயின் மூக்கை விட்டு இழுத்து, பிறகு பிடிக்கருவிகளால் சேர்த்து நெருக்குங்கள்.

புதுமரம் இரண்டு நூல் குட்டை என்பதால் சுவரில் உட்காரும்போது அதன் மேல்விளிம்பு அவ்வளவுக்குத் தாழ்ந்து நிற்கும். இரு முனையிலும் கால் அங்குல இரும்புத் தகட்டையோ கருங்காலி போன்ற கடினமான மரத்துண்டையோ அடியில் வையுங்கள். கதவுச் சட்டத்துக்கு வைக்கும் மெல்லிய தேவதாரு ஆப்பு இங்கே உதவாது. பாரம் ஏறினால் சப்பளிந்துவிடும். அப்படி உயர்த்தி வைப்பதில் இன்னொரு நன்மை, புதுமரம் சமையலறைக் கூரையைத் தொடாது; தரையில் நடக்கும் அதிர்வு அங்கே இறங்கிக் காரையில் கீறல் விடாது. தொய்ந்த பழைய மரத்தை ஜாக்கி வைத்து நிமிர்த்தும் ஆசையும் உங்களுக்கு வரும். விட்டுவிடுங்கள். அது வளைந்தபடியே இருக்கட்டும், புதுமரம் நேராக இருக்கிறது. கட்டாயம் தூக்கத்தான் வேண்டும் என்றால் ஒரு நாளைக்கு ஒரு நூலுக்கு மேல் போகாதீர்கள்.

உயரக் கணக்கையும் பார்த்துவிட்டேன். உங்கள் கூடத்தில் முக்கால் அங்குலப் பழைய பலகையும் அதன்மேல் முக்கால் அங்குல ஓக் மரமும் இருந்தால் மொத்தம் ஒன்றரை. குளியலறையில் முக்கால் அங்குல ஒட்டுப்பலகை, டைலுக்கும் பலகைக்கும் நடுவே விரிக்கும் ஆரஞ்சு நிற விரிப்பு ஒரு நூல், ஒட்டும் சாந்து ஒன்றரை நூல், டைல் மூன்று நூல். ஏறக்குறைய அதே ஒன்றரை. வாசலில் கால் தடுக்காது. பலகைத் துண்டுகளுக்கு நடுவே ஒரு நூல் இடைவெளி விடுங்கள், மழைக்காலத்தில் மரம் விரியும். கழிப்பறைக் குழாயின் வளையம், முடிந்த டைலின் மேல் உட்கார வேண்டும். பலகையின் மேல் அல்ல. இந்த ஒன்றை மறந்து பிறகு கசிவைத் தடுக்கும் மெழுகு வளையத்தை இரண்டு மூன்றாக அடுக்குகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

வார்டன் வாசி எழுதியது:

ஐயா, நேற்று என் மைத்துனரும் நானுமாக முதலாவது மரத்தை உருட்டி நிமிர்த்திவிட்டோம். நீங்கள் சொன்ன ஒற்றை ஆணி உண்மையிலேயே இருந்தது. அதற்கு மட்டும் முக்கால் மணி நேரம் போயிற்று. இன்று நூல் கட்டிப் பார்த்தேன், இழைக்கு இழை ஒட்டி நிற்கிறது. மூன்றாவது மரத்தையும் குறுக்கு மரங்களையும் முடித்துவிட்டுப் பரிசோதகரை வியாழக்கிழமைக்கு அழைத்திருக்கிறேன். புதிய தொட்டி அக்ரிலிக். அதைப் பொருத்துவது பற்றி ஏதும் சொல்ல இருந்தால் சொல்லுங்கள்.

பழைய தச்சன் எழுதியது:

மகிழ்ச்சி தம்பி. அக்ரிலிக் தொட்டியின் அடியில் கெட்டிச் சாந்தை நாலைந்து கவளமாக வைத்து, அதன்மேல் தொட்டியை அமுக்கி, ரசமட்டத்தை நெடுக்கிலும் குறுக்கிலும் வைத்துப் பார்த்துவிட்டு ஒரு நாள் முழுக்க யாரும் ஏறாமல் விடுங்கள். இல்லாவிட்டால் மிதிக்கும்போதெல்லாம் அடிப்பாகம் உள்வாங்கும். தொட்டிக்கும் சுவர் டைலுக்கும் நடுவே சிலிகோன் இழுக்கும் நாளில், முதலில் தொட்டி நிறையத் தண்ணீர் பிடித்துவிட்டு, அது நிரம்பியிருக்கும்போதே இழுங்கள். பாரத்தில் தொட்டி இறங்கி இடுக்கு அகலமாக நிற்கும் நிலையில் சிலிகோன் இறுக வேண்டும். மறுநாள் அது நன்றாகக் காய்ந்த பிறகுதான் தண்ணீரைத் திறந்துவிடலாம்.